நாலாவது ஆளுக்கு ஒரு விளம்பரம்

செப்டம்பர் மூன்றாம் தேதி பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, குத்தாலம் கடைத்தெருவில் ஒரு விதைக்கடையின் பில் மேஜையில் உட்கார்ந்தபடி குந்தவை தன் போனில் நாலு வரி எழுதினாள். இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் குற்றவாளி ஆகிவிட்டிருந்தாள்.

எழுதியது இதுதான்: “வணக்கம். ‘கழிமுகம்’ என்று ஒரு சின்ன இணைய மன்றம் நடத்துகிறோம். ஒரு துறைமுகப் பட்டினத்தின் கதையை ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து எழுதுகிறோம். நாலாவது ஆள் தேவை. நல்ல கதை. வாங்க.”

கழிமுகம் மூன்றரை வருடமாக நடக்கிறது. ஒருவர் தன் பாத்திரத்தின் வாயால் ஒரு பத்தி எழுதுவார், அடுத்தவர் தன் பாத்திரத்தின் வாயால் பதில் எழுதுவார், கதை நகரும். யார் எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் சுகம். பகலில் யூரியா இருக்கா, சி.ஆர். ஆயிரத்தொம்பது விதைநெல் வந்துடுச்சா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் குந்தவை, அங்கே லஞ்சம் வாங்காத சுங்கத் தலைவி. நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் எடை போடும் ஜெக்கரியா, அங்கே கப்பல் தலைவன். மயிலாடுதுறையில் தனியாக இருக்கும், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அகிலாண்டம் மாமிக்கு வயது அறுபத்தெட்டு. அங்கே அவர் பன்னிரண்டு வயது ஜேப்படித் திருடி. கணவர் போன பிறகு மாமி அதிகம் பேசுவது அந்தத் திருடியின் வாயால்தான்.

நாலாவது ஆள் பாசித். துறைமுகத்துக்குள் கப்பலைக் கூட்டி வரும் வழிகாட்டி. கத்தாரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அன்றிலிருந்து ஜெக்கரியாவின் கப்பல் மணல்திட்டுக்கு வெளியே நிற்கிறது.

“அக்கா, எட்டு மாசமாச்சு. நெசக் கப்பலா இருந்தா இந்நேரம் துருப்பிடிச்சிருக்கும்” என்றான் ஜெக்கரியா.

கப்பல் நிற்பதுகூடப் பரவாயில்லை. மன்றத்துக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த கம்பெனி ஆகஸ்ட் கடைசியில் ஒரு அறிவிப்பு அனுப்பியது. எழுதும் உறுப்பினர் நாலு பேராவது இல்லாத மன்றங்கள் செப்டம்பர் முப்பதாம் தேதியோடு அழிக்கப்படும். மூன்றரை வருடம், ஒன்பதாயிரம் பத்திகள்.

“கடைசியில தூக்கிண்டு போறதுக்கே நாலு பேர் வேணும்ங்கறா. கதைக்கு வேண்டாமா? எங்கேயாவது விளம்பரம் பண்ணுடி” என்றார் அகிலாண்டம் மாமி.

எங்கேயாவது என்றால் ஒரே இடம்தான். ‘பொன்னிவள மாபேரவை’. இந்த மாதிரிக் கதை விளையாட்டு மன்றங்களிலேயே பெரியது, நாலாயிரம் உறுப்பினர்கள். குந்தவை அங்கே கணக்குத் திறந்து, பொது அரட்டைப் பகுதியில் அந்த நாலு வரியைப் போட்டாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

“அன்புடையீர், தங்கள் பதிவு விதி 3 (பகுதி மாறி விளம்பரம் செய்தல்), விதி 8 (முன் அறிமுகமின்றி வணங்குதல்), விதி 22 (‘நல்ல’ எனும் தற்புகழ்ச்சி), விதி 23 (‘வாங்க’ எனும் ஆள்பிடிப்பு) ஆகியவற்றை மீறியதால் நீக்கப்பட்டது. இது முதல் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கை தடையாகக் கொள்ளப்படும். பேரவை தங்களை அன்புடன் வரவேற்கிறது. இவண், விளம்பரத் துறை அமைச்சர்.”

குந்தவைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அமைச்சர் என்றதும் யாரோ பாத்திரத்தின் வாயால் விளையாடுகிறார்கள் என்று நினைத்து, “மன்னிக்கணும் அமைச்சரே, அடியாள் அறியாமல் செய்த பிழை” என்று பதில் எழுதினாள்.

“இது விளையாட்டல்ல” என்று வந்தது.

அடுத்த சிக்கல் அவளுடைய பெயர். குந்தவை என்பது அரச குலப் பெயர்ப் பட்டியலில் இருக்கிறதாம். ஏற்கெனவே கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதாம். பெயர் தன் அப்பா வைத்தது என்று எழுதி, ரேஷன் கார்டைப் படம் எடுத்து அனுப்பினாள். சொந்தப் பெயரில் கணக்கு வைத்திருப்பது விதி 11-ன்படி தனிக் குற்றம் என்றும், முதல் முறை என்பதால் பெருந்தன்மையோடு மன்னிப்பதாகவும் பதில் வந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து பேரவையில் அவள் ‘குந்தவை_தற்காலிகம்_2’. முதலாவது தற்காலிகம் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

விதிகள் மொத்தம் அறுபத்து நான்கு. விளம்பரம் போட விரும்புபவர் அத்தனையும் படித்திருக்க வேண்டும். படித்ததற்கு அத்தாட்சியாக, விதிகளுக்குள் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கும் ரகசியச் சொல்லைக் கண்டுபிடித்து விண்ணப்பத்தின் தலையில் எழுத வேண்டும். சொல் எங்கே இருக்கிறது என்று கேட்பது குற்றம். கேட்பது குற்றமா என்று கேட்பதும் குற்றம்.

சம்பா விதை வாங்கக் கூட்டம் வரும் சமயம். குந்தவை பில்லுக்கும் பில்லுக்கும் நடுவில் விதி படித்தாள்.

“ஆயிரத்தொம்பது மூணு மூட்டை போடும்மா” என்றார் ஒருவர்.

“அது அம்பத்திரண்டுல இருக்கலாம்” என்றாள் குந்தவை.

“எது?”

“ஒண்ணுமில்லங்க. மூணு மூட்டை.”

ஐம்பத்திரண்டில்தான் இருந்தது. ‘பிற மன்றங்களின் சின்னங்களை மாங்கொட்டை அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது’ என்ற வாக்கியத்தில், அந்த மாங்கொட்டை. இரண்டு நாள் தேடிய பொருள் கையில் கிடைத்த சந்தோஷத்தில் குந்தவை உடனே விண்ணப்பித்தாள். திங்கட்கிழமை காலையில் சொல் மாறிவிட்டது, இது போன வார மாங்கொட்டை என்று திருப்பி அனுப்பினார்கள்.

மறுபடி முதல் விதியிலிருந்து படித்தாள். இந்த வாரம் ‘சுண்டைக்காய்’. ஏழாம் விதியிலேயே இருந்தது. மனத்தாங்கல்தான் மிஞ்சியது.

அவள் புருஷன் பிரபு குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடி, முறை வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். சாப்பாடு கொண்டுபோனவளிடம் கதையைக் கேட்டான்.

“டோக்கன் குடுத்துட்டாங்களா?”

“விண்ணப்ப எண் குடுத்திருக்காங்க.”

“ஈரப்பதம் பாத்தாச்சா?”

“விளம்பரத்துக்கு எதுங்க ஈரப்பதம்?”

“இருக்கும். பதினேழுக்கு மேல இருந்தா காயப்போட்டு எடுத்துட்டு வரச் சொல்வாங்க பாரு” என்றான் பிரபு, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவன் சொன்னது அடுத்த நாளே நடந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, ஆனால் பரஸ்பர மரியாதை என்று ஒன்று இருக்கிறது. பேரவையில் கழிமுகத்துக்கு விளம்பரம் போடுமுன், கழிமுகத்தில் பேரவையின் விளம்பரப் பலகை இருக்க வேண்டும். மன்றத்தின் பெயருக்கு மேலே, முழு அகலத்தில், மினுமினுக்கும் எழுத்தில். குந்தவை போட்டாள். பேரவைக்குப் பதினோரு சகோதர மன்றங்கள் உண்டு, அவற்றுக்கும் பலகை வைக்காமல் ஒன்றுக்கு மட்டும் வைப்பது மற்றவற்றை அவமதிப்பது என்றார்கள். அவற்றையும் போட்டாள். ‘கொள்ளிடக் கோட்டை’, ‘அரிசிலாற்று அரக்கர்கள்’, ‘வீரவாள் விடுதி’, இன்னும் எட்டு. பன்னிரண்டும் சேர்ந்து தேர்த் திருவிழா மாதிரி மினுக்கின.

மறுநாள் மத்தியானம் அகிலாண்டம் மாமி கூப்பிட்டார்.

“ஏண்டி குந்தவை, நம்ம வீட்டுக்குள்ள போறதுக்கு வழி எங்கேடி?”

“கீழ தள்ளிக்கிட்டே போங்க மாமி. பன்னிரண்டு பலகை தாண்டினா நம்ம பேரு வரும்.”

“தள்ளிண்டே போய் ஏதோ ஒரு கோட்டைக்குள்ள விழுந்துட்டேன். யாரோ வாளை உருவிண்டு, ‘விதிகளைப் படித்தாயா’ன்னு கேக்கறான்.”

“ஒண்ணும் எழுதாம வெளிய வந்துடுங்க மாமி.”

“ஒரு வணக்கம் சொன்னேன்.”

குந்தவை கண்ணை மூடிக்கொண்டாள். மாமிக்கும் முதல் எச்சரிக்கை வந்திருந்தது.

அதற்குப் பிறகு விளம்பர வாசகம். அமைச்சரோடு ஐந்து நாள் கடிதப் போக்குவரத்து. ‘நாலாவது ஆள் தேவை’ என்பது இரக்கத்தைத் தூண்டி ஆதாயம் தேடுவது, நீக்கப்பட்டது. ‘துறைமுகப் பட்டினத்தின் கதை’ என்பது, சகோதர மன்றம் ஒன்றிலும் ஒரு குளம் இருப்பதால், நீர்நிலை சம்பந்தப்பட்ட போட்டி; நீக்கப்பட்டது. ‘சேர்ந்து எழுதுகிறோம்’ என்பதில் மற்ற மன்றங்களில் சேர்ந்து எழுதுவதில்லை என்ற உட்பொருள் தொனித்தது. ‘சின்ன’ என்பது தன்னடக்கம் போலத் தோன்றும் தற்புகழ்ச்சி. மிஞ்சியது: “கழிமுகம். ஒரு மன்றம். உள்ளது.”

அமைச்சர் அதையும் இரண்டு முறை படித்திருக்க வேண்டும். ‘உள்ளது’ என்பது முப்பதாம் தேதிக்குப் பிறகு பொய்யாகிவிட வாய்ப்பு இருப்பதால், விதி 19-ன்படி அதையும் எடுத்துவிட்டார்.

பதினான்காம் தேதி விளம்பரம் வெளியானது: “கழிமுகம். ஒரு மன்றம்.” கூடவே ஒரு குறிப்பு. வெளியிட்டதற்கு நன்றிப் பகுதியில் முப்பது சொற்களுக்குக் குறையாமல், மிகையின்றி நன்றி தெரிவிக்க வேண்டும். குந்தவை நாற்பது சொற்களில் தெரிவித்தாள். பத்துச் சொல் மிகை என்று திரும்பி வந்தது.

நாலு நாள் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. விளம்பரத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை மூன்று. ஒன்று குந்தவை, ஒன்று மாமி. மூன்றாவது யாரோ என்று ஒரு பகல் முழுக்க நம்பிக்கையோடு இருந்தாள். ஜெக்கரியா போன் பண்ணி, “அக்கா, நம்ம விளம்பரத்தைப் பாத்தேன். சுருக்கமா இருக்கு” என்றான்.

அப்போதுதான் ஒன்று கவனித்தாள். விளம்பரப் பகுதியில் ஐம்பத்தெட்டு விளம்பரங்கள் இருந்தன. எதற்கும் நாலுக்கு மேல் பார்வை இல்லை. அமைச்சருக்கு எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது. அவர் பதிலில் எப்போதும் தாமதம் இருந்ததில்லை.

“உறுப்பினர்களை விளம்பரத் தொந்தரவிலிருந்து காப்பது பேரவையின் தலையாய கடமை. ஆகவே விளம்பரப் பகுதி உறுப்பினர்களுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டுள்ளது. விளம்பரம் செய்த மன்றத்தார் மட்டும் காணலாம். மேலும், இக்கேள்வி விதி 41-ஐ மீறுவதால் இது இரண்டாவது எச்சரிக்கை. மேல்முறையீடு உண்டு. வரும் ஞாயிறு தஞ்சாவூரில் நடைபெறும் விளம்பர நாகரிக மாநாட்டில் நேரில் ஆஜராகவும்.”

குந்தவை அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். விதைக்கடை முதலாளி, “என்னம்மா, வீட்ல ஏதாவது கெட்ட சேதியா?” என்று கேட்கும்படி முகம் ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டு பேர் ஒரு இருட்டறைக்குள் நின்றுகொண்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, எனக்கு ஒரு ஆள் வேணும், எனக்கு ஒரு ஆள் வேணும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் நுழையத்தான் அவள் சுண்டைக்காய் தேடியிருக்கிறாள்.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்று சாயங்காலம் மாமி கூப்பிட்டு, “அழிச்சுடுவாளாமே, அதுக்கு முன்னாடி நான் எழுதினதையெல்லாம் பேப்பர்ல காப்பி பண்ணிண்டிருக்கேன். நூத்தி இருபது பத்தி ஆச்சு. கைதான் வலிக்கறது” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். குந்தவை ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் தஞ்சாவூருக்கு ஏறிவிட்டாள்.

மாநாடு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில். வாசலில் பதிவு மேஜை. அங்கே பட்டுப் புடவையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், முன்னால் மூன்று நிறத்தில் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்கோ. நீங்க விளம்பரம் செய்யறவரா, செய்யப்படறவரா, தடை செய்யப்பட்டவரா? ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலர் குடுத்திருக்கார்.”

“மேல்முறையீடுங்க.”

“அதுக்குக் கலரே குடுக்கலையே” என்று அந்த அம்மாள் கவலைப்பட்டு, மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்துக் கொடுத்தார். “மூணையும் குத்திக்கோங்கோ. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்கோ. நான் மாதங்கி. விளம்பர மந்திரி எங்காத்துக்காரர்தான், ரவிசங்கர்.”

ஹாலில் நூறு நாற்காலி. மேடையில் பதினான்கு பேர். கீழே குந்தவையோடு சேர்த்து ஏழு பேர். அதில் இரண்டு பேர் மேடையில் இருந்தவர்களைக் கூட்டி வந்த டிரைவர்கள்.

முதலில் விளம்பரத் துறை அறிக்கை. ரவிசங்கர் எழுந்தார். ஒல்லியான, கண்ணியமான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. அவரைப் பார்த்தால் ‘சுண்டைக்காய்’ என்று எழுதக்கூடியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“இந்த ஆண்டு வந்த விளம்பரங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு” என்று படித்தார். “நீக்கியவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அனுமதித்தவை ஆறு. சென்ற ஆண்டு ஒன்பதை அனுமதித்திருந்தோம் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த விளம்பரங்களைப் பார்த்து யாராவது எந்த மன்றத்திலாவது சேர்ந்தார்களா என்று சிலர் கேட்கிறார்கள். அது எங்கள் துறையில் வராது. சேர்வதைக் கவனிக்கத் துறை எதுவும் இல்லை.”

மேடை கைதட்டியது.

பிறகு பேரவைத் தலைவர் நாணு. பத்திரப்பதிவு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் இன்னும் முத்திரைத்தாள் வாசனை இருந்தது.

“சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில்” என்று ஆரம்பித்தார். “நம்ம பேரவை மாதிரி ஒழுங்கான மன்றம் வேற எங்கேயும் கிடையாது. ஆறு வருஷமா ஒரு சண்டை உண்டா? கிடையாது. ஒரு ஆபாசம் உண்டா? ஒரு எழுத்துப்பிழை உண்டா? எப்படிச் சாத்தியமாச்சு? நிறையப் பேர் கேக்கறா. ஒளிச்சு வெக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, சொல்றேன். ஆராய்ச்சி பண்ணிப் பாத்தோம். விதிமீறல் எங்கேர்ந்து வரதுன்னா, கதையிலேர்ந்து வரது. ஒருத்தன் கதை எழுத ஆரம்பிச்சான்னா நாலாவது வரியில ஏதாவது ஒரு ஷரத்தை மீறிடறான். அதனால கதைப் பகுதியையே மூடிட்டோம். அன்னியிலேர்ந்து ஒரு புகார் கிடையாது. நாப்பத்திரண்டு நடுவர்கள் இருக்கா. ஒருத்தருக்கும் வேலைப்பளு கிடையாது.”

பலத்த கைதட்டல். டிரைவர் ஒருவரும் தட்டினார்.

குந்தவைக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. அவள் முறை வந்ததும் எழுந்தாள். எழுதி வைத்திருந்த மேல்முறையீட்டைப் படிக்காமல், “ஐயா, அப்ப அங்க யாருமே கதை எழுதறதில்லீங்களா?” என்று கேட்டாள்.

“விதிப்படி எழுதலாம். இடம்தான் இல்ல.”

“நாலாயிரம் பேர் இருக்காங்களே, என்ன பண்றாங்க?”

“விதிகளைப் படிக்கறா. திருத்தம் முன்மொழியறா. ரொம்ப ஈடுபாட்டோட பண்றா.”

“நீங்க கடைசியா எப்பங்க எழுதினீங்க?”

மேடையில் ஒரு சின்னச் சலசலப்பு. நாணு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல ஒரு பத்தி எழுதினேன். ஒரு யானைப் பாகன் பத்தி. விதி முப்பதுக்கு முரணா இருந்தது. நீக்கியாச்சு.”

“யாருங்க நீக்கினது?”

“நான்தான்” என்றார் நாணு. “பாரபட்சம் பாக்க முடியுமோ?”

இதற்குத்தான் அன்றைக்கே பெரிய கைதட்டல். ரவிசங்கர் எழுந்து நின்று தட்டினார்.

மேல்முறையீட்டின் மேல் கால் மணி நேரம் ஆலோசனை நடந்தது. தீர்ப்பு குந்தவைக்குச் சாதகம். கழிமுகம் விளம்பரம் உறுப்பினர்கள் கண்ணில் படும்படி ஒரு வாரம் வைக்கப்படும். கருணை அடிப்படையில் ஒரு ‘வாங்க’வும் சேர்த்துக்கொள்ளலாம். அமல் தேதி அக்டோபர் ஒன்று.

“முப்பதாம் தேதி எங்க மன்றத்தையே அழிச்சிடுவாங்கய்யா.”

“ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி அமல்படுத்த விதியில்லையேம்மா” என்றார் நாணு. உண்மையாகவே வருத்தப்பட்டார். “விதி இருந்தா பண்ணியிருப்போம்.”

மத்தியானச் சாப்பாடு பொட்டலம். குந்தவை பதிவு மேஜைப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரிக்கத் தோன்றவில்லை. மாமிக்குப் போன் பண்ண வேண்டும், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மாதங்கி தன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, “ஒண்ணு கேட்டா தப்பா நெனைச்சுக்க மாட்டேளே? இங்க என்ன நடக்கறது?” என்றார்.

“உங்க வீட்டுக்காரர் சொல்லலீங்களா?”

“ஆறு வருஷமா ஆபீஸ்லேர்ந்து வந்ததும் ரூமுக்குள்ள போயிடறார். கேட்டா கதை மன்றம்ங்கறார். ஒரு கதையும் சொன்னதில்ல. நேத்திக்கு சாம்பார்ல உப்பு ஜாஸ்தியானதுக்கு ‘முதல் எச்சரிக்கை’ன்னார். உங்க மன்றத்துலயாவது கதை உண்டா?”

குந்தவை நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று வாரமாக எத்தனையோ பேர் அவளிடம் எத்தனையோ கேட்டார்கள். கதை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

சொன்னாள். ஒரு கப்பல், ஏலக்காய் மூட்டைக்கு அடியில் எதையோ மறைத்து ஏற்றி வந்தது. என்ன என்று கப்பல் தலைவனுக்கே தெரியாது. சுங்கத் தலைவிக்குச் சந்தேகம். ஜேப்படித் திருடிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் வாயைத் திறந்தால் கழுத்து போய்விடும்.

“அப்புறம்?” என்றார் மாதங்கி.

இன்னும் சொன்னாள். மாதங்கியின் கையில் தயிர்சாதம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பிற்பகல் அமர்வு ஆரம்பித்து, ‘மின்னும் பலகைகளில் மின்னல் வேகம்’ என்று யாரோ கட்டுரை படித்தார்கள். தடை செய்யப்பட்டவர் ஒருவர் வந்து கலர் அட்டை கேட்டார். மாதங்கி பார்க்காமலே ஒன்றை எடுத்து நீட்டினார்.

“அந்தக் கப்பலை யாராவது உள்ள கொண்டு வரணுமே? இப்படியா எட்டு மாசம் நிறுத்தி வெப்பா!”

“வழிகாட்டி போயிட்டாருங்க. ஆளில்லை.”

மாதங்கி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஹால் கதவை ஒரு தடவை பார்த்தார்.

“எனக்குக் கப்பலைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா வழி தெரியாத மனுஷாளைக் கூட்டிண்டு போய் இடத்துல சேக்கறது தெரியும். முப்பது வருஷமா அதான் பண்றேன். நான் வரலாமோ?”

குந்தவை சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரிலேயே ஒட்டியிருந்தது, விதி 23. அதைப் பார்த்துக்கொண்டே, ஹாலுக்குள் கேட்கும்படி, “வாங்க” என்றாள்.

மாதங்கி அன்று சாயங்காலமே சேர்ந்தார். முதல் பத்தியில், துறைமுகத்துக்கு ஒரு புது வழிகாட்டி வந்தாள், விதவை, வெற்றிலை போடுகிறவள், முந்தைய வழிகாட்டி எங்கே என்று கேட்டவர்களுக்கு, “பாலைவனத்துல சம்பாதிக்கப் போயிருக்கார், உங்களுக்கென்ன?” என்று பதில் சொல்பவள். இரண்டாவது பத்தியில் கப்பல் தலைவனைத் திட்டினாள். ஜெக்கரியா குந்தவைக்குப் போன் பண்ணி, “அக்கா, யாருக்கா இவங்க? இறால் படகுல ஏறின எங்க அத்தை மாதிரியே திட்டுறாங்க” என்று சந்தோஷத்தில் திணறினான். அகிலாண்டம் மாமி பேப்பரில் காப்பி எடுப்பதை நிறுத்திவிட்டு, அன்றைக்கு மட்டும் ஆறு பத்தி எழுதினார்.

புதன்கிழமை மூன்றாவது எச்சரிக்கை வந்தது. குற்றம்: ஆள் கடத்தல், விதி 38. மாதங்கி பேரவையில் உறுப்பினரே இல்லையே என்று குந்தவை எழுதினாள். உறுப்பினரின் குடும்பத்தாரும் உறுப்பினராகவே கருதப்படுவர் என்று பதில். குற்றப்பத்திரிகை இணைக்கப்பட்டிருந்தது. ‘கடத்தப்பட்டவர்: திருமதி மாதங்கி ரவிசங்கர். கடத்தப்பட்ட இடம்: பதிவு மேஜை. கடத்தலின்போது கடத்தப்பட்டவரின் நிலை: தயிர்சாதம் உண்டுகொண்டிருந்தார். தொடர்ந்த விளைவு: வீட்டில் இரவு உணவு நாற்பது நிமிடம் தாமதம்.’ கீழே ரவிசங்கரின் கையெழுத்து.

“அதுல ரெண்டு சந்திப் பிழை இருந்தது. அனுப்பறதுக்கு முன்னாடி நான்தான் திருத்திக் குடுத்தேன்” என்றார் மாதங்கி போனில்.

குந்தவை_தற்காலிகம்_2 நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டாள். தடைக்குப் பின்னும் தொண்ணூறு நாள் பன்னிரண்டு விளம்பரப் பலகைகளும் மரியாதை நிமித்தம் கழிமுகத்தில் தொடர வேண்டும் என்று கடைசிக் கடிதம் சொன்னது. அன்று கடையில் கூட்டமில்லை. குந்தவை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டை போயிற்று, அரக்கர்கள் போனார்கள், வாள் விடுதி போயிற்று. கடைசியாகப் பேரவையின் மினுமினுப்பை எடுத்ததும் திரையில் அவர்கள் மன்றத்தின் பெயர் மட்டும் வெள்ளையில் நின்றது. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் நின்ற விவசாயி, “சில்லறை இல்லையாம்மா?” என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு, இடம் கொடுத்த கம்பெனி எண்ணிப் பார்த்தது. நாலு பேர். ‘தங்கள் மன்றம் தொடரும்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. அந்த மாதம் குந்தவைக்கு வந்த கடிதங்களில் விதி எண் இல்லாத கடிதம் அது ஒன்றுதான். பிரபுவின் நெல்லும் அன்றுதான் தராசு ஏறியது. “உனக்கு முன்னாடி முடிஞ்சிரும்னு நெனச்சேன்” என்றான்.

அடுத்த வாரம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மன்றத்தின் அடியில், இப்போது யார் யார் படிக்கிறார்கள் என்று ஒரு வரி காட்டும். மாதங்கி எப்போது ஒரு பத்தி போட்டாலும், அடுத்த நிமிடமே அங்கே ‘விருந்தினர்: 1’ என்று வந்தது. பெயரில்லை, கணக்கில்லை. முழுக்கப் படிக்கும் நேரம்வரை நிற்கும்; போய்விடும். சில நாள் மறுபடி வந்து, ஒன்பதாயிரம் பத்திகளில் பழையவற்றைத் துழாவும். யாராவது ஒட்டுக்கேட்கிறார்களோ என்று குந்தவைக்குக் கவலை. மாதங்கியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“வேற யாரு, பக்கத்து ரூம்லேர்ந்துதான்” என்றார் மாதங்கி. குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. “நேத்திக்குக் காப்பி குடுக்கப் போனேன். மூட்டைக்கு அடியில என்ன இருக்குன்னு கேக்கறார். சொல்ல மாட்டேன், சேந்து படிங்கோன்னேன். சேர எத்தனை விதின்னார். ஒண்ணும் கிடையாதுன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாருங்க?”

“ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து, ‘விதி 1’னு எழுதிட்டு, அதுக்கு மேல என்ன எழுதறதுன்னு தெரியாம உக்காந்திண்டிருக்கார். காப்பி ஆறிண்டிருக்கு.”